கிழக்கே ஒன்பது சுற்று

முசே லபோர்த் கப்பலேறுமுன்
சாவியை என்னிடம் கொடுத்தார்.
இரண்டு முழ இரும்பு, தலையில் குறுக்குக் கம்பி.
கைகுலுக்கவில்லை.
கூடவே ஒரு துண்டுச்சீட்டு, பென்சிலில், பிரெஞ்சில்:
கிழக்கே ஒன்பது சுற்று,
மேற்கே ஒன்று.

வாய்க்காலுக்குக் கிழக்கே அவர்கள், இருநூறு வீடு.
மேற்கே நாங்கள்.
எத்தனை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.
அப்பா காலத்தில் ஓட்டும் அப்படித்தானாம்,
தனித்தனிப் பட்டியல்.
அந்தத் தட்டில் ஒரு கைப்பிடி ஆள்,
இந்தத் தட்டில் ஓர் ஊர்,
தராசு மட்டும் அசையாமல் நேராக நிற்குமாம்.

கொடி மாறிய அன்று
மேரி கட்டடத்து முன்னால் மிட்டாய் கொடுத்தார்கள்.
எனக்கு இரண்டு.
ஒன்று சட்டைப்பையில் சீட்டோடு ஒட்டிக்கொண்டது.
பொழுது சாய்ந்ததும் வால்வுத் தொட்டிக்குள் இறங்கி
சாவியைப் பொருத்தினேன்.
மேலே வெடிச்சத்தம், யாரும் பார்க்கவில்லை.
கிழக்கே ஐந்து,
மேற்கே ஐந்து.

கோவிந்தசாலைக் குழாய் முதலில் இருமியது,
துருவைத் துப்பியது,
பிறகு விடியும்வரை நிற்கவே இல்லை.
உடைந்துவிட்டதென்று பயந்து
ஒருத்தி முந்தானையைக் கிழித்துக் கட்டப்பார்த்தாள்.
அப்புறம் நடுச்சாமத்தில்
நின்றபடியே தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள்,
ஒருவர்மேல் ஒருவர் எறிந்து,
சிரித்து.

நான்கு நாள்.
ஐந்தாம் நாள் எனக்கு ஆள் வந்தது.
தியூமா வீதியில் ஊருக்குப் போன நீதிபதியின் வீட்டில்
கவுன்சிலர் பிரகாசனார் பால் காய்ச்சியிருந்தார்.
மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.
அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர்,
எங்களுக்காக இரண்டுமுறை சிறை போனவர்.
"கொஞ்ச நாளைக்குப் பழையபடி இருக்கட்டும்பா,
எல்லாம் படிப்படியாச் செய்யலாம்."
மெமோ பின்னால் வந்தது.
அதே தாள், அதே பிரெஞ்சு,
பழைய முத்திரையை மையால் அடித்துவிட்டு
பக்கத்தில் புதிதாக ஒன்று குத்தியிருந்தார்கள்.

கொஞ்ச நாள்.
முப்பத்தொரு வருஷம் திருப்பினேன்,
ஒன்பதும் ஒன்றும்.

இப்போது தேர்தல் வந்தால் டீக்கடையில் பேசுகிறார்கள்:
மில் மூடாதிருந்தால்,
துறைமுகம் ஆழமாகியிருந்தால்,
டெல்லி மாநிலம் என்று எழுதிக் கொடுத்திருந்தால்
எங்கேயோ போயிருப்போமாம்.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.

கடைசி வீட்டுத் தமயந்தி.
நான்கு மணிக்கே வரிசையில் குடத்தை வைத்துவிட்டு
குழாய்மேடைச் சிமெண்டில்
செங்கல் துண்டால் வகுத்தல் போடுவாள்.
தண்ணீர் வந்தால் முதலில் நனைவது கணக்கு.
பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
தாமதம், தாமதம், தாமதம்,
அப்புறம் ஒரு சிவப்புக் கோடு.
மில்லுக்கு நூல் சுற்றப் போனாள்.
பிறகு மில்லும் போனது.

நாளுக்கு இரண்டு மணி நேரம்,
வருஷத்துக்கு எழுநூற்று முப்பது.
ஒருத்திக்கு மட்டும் இது.
பேட்டைகளை எண்ணிப் பெருக்கப் பார்த்தேன்,
மின்ரசீதின் பின்பக்கம் போதவில்லை.
அந்த மணிகளுக்குள் ஒரு டாக்டர் இருந்தாள்.
மில் முதலாளியிடம் வரவுசெலவைக் காட்டு என்று
கேட்கத் தெரிந்தவள் இருந்தாள்.
பிரகாசனாரை எதிர்த்து நின்று தோற்று,
மறுபடி நின்று,
அவரே கைதட்டும்படி ஜெயித்தவள் இருந்தாள்.
எல்லோரும் குடத்தோடு நின்றார்கள்.

ஓய்வுபெறும் அன்று
சாவியை சவரிராயனிடம் கொடுத்தேன்.
சீட்டையும்தான்.
பென்சில் எழுத்து அழியத் தொடங்கியிருந்தது.
அவன் திணறக்கூடாதே என்று
முந்தின இரவு உட்கார்ந்து
பால்பாயிண்ட் பேனாவால், அழுத்தமாக,
நான்தான் திரும்ப எழுதினேன்,
தமிழில்.