உள்துணி

அதிகாலை இரண்டு பத்துக்கு அழைப்பு.
வினிபெக்கில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அவசரத்தில் கோட்டுக்குள் விட்ட கை
மணிக்கட்டு வழியே வெளியே வரவில்லை;
உள்துணி கிழிந்த இடத்தில் புகுந்து
துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே
முட்டிக்கொண்டு நின்றது.
திட்டிக்கொண்டே உருவி எடுத்தேன்.

நான் மொழிபெயர்ப்பவன்.
சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது,
கருத்துச் சொல்லவே கூடாது.
டாக்டர் நான் என்றால் என் வாயிலும் நான்.
நோயாளியின் மனைவி நான் என்றாலும்
என் வாயில் அதே நான்.

அவர் பெயர் தவமலர்.
குளிர்கோட்டு தைக்கும் ஆலையில் பதினாறு வருஷம்.
திரைக்குப் பின்னால் கணவர் நகுலேஸ்வரன்,
வலிமருந்தில் பாதி உறக்கம்.
வாசலில் பனி வழிக்கும்போது
முதுகை யாரோ கத்தியால் கீறினமாதிரி
என்றாராம்.

டாக்டர் ரைமர் தாளில் ஒரு குடைப்பிடி வரைந்தார்.
"இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்.
உள்சுவர் கிழிந்திருக்கிறது.
கிழிசலில் புகுந்த ரத்தம்
சுவரின் அடுக்குகளுக்கு நடுவே
தனக்கொரு பொய்வழி அறுத்துக்கொண்டு போகிறது."

சொன்னேன்.
தவமலர் என் மடியில் கிடந்த கோட்டை இழுத்து
அதே ஓட்டையில் கையை விட்டார்.
"இப்பிடியோ?"
ரைமருக்கு அதை நான் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"பிரம்டனில என்ர மச்சாளின்ர மனுசனுக்குத்
தொடையால கம்பிக்கூடு விட்டவை.
நாலாம் நாள் வீட்டை வந்திட்டார்.
இவருக்கு ஏன் நெஞ்சைப் பிளக்கவேணும்?"

அது கீழே இறங்கும் குழாயில். இது வாசலிலேயே.
இங்கே திறக்காமல் முடியாது.
திறந்தபின் இரண்டு வழி.

கிழிந்த துண்டை மட்டும் வெட்டி
செயற்கைத் துணிக்குழாய் வைத்தால் சீக்கிரம் முடியும்,
இன்றிரவைத் தாண்ட வாய்ப்பு அதிகம்.
ஆனால் மிச்சப் பொய்வழி உள்ளேயே இருக்கும்.
சில வருஷத்தில் வீங்கலாம்.

இல்லையென்றால் வளைவு முழுவதையும் மாற்றுவது.
தலைக்கும் கைகளுக்கும் போகும் மூன்று கிளைகளையும்
பெயர்த்தெடுத்து மறுபடி தைப்பது.
நேரம் பிடிக்கும். பக்கவாதம் வரலாம்.
கால்கள் அசையாமல் போகலாம்.
அதற்கு ஒரு பெயர் உண்டு.

இங்கே என் வாய் நின்றது.
சேர்க்காதே, குறைக்காதே.
"உறைந்த யானைத் தும்பிக்கை."

"யானையோ?"

குழாயின் முனையைக் கீழே தொங்க விடுவோம், என்றார் ரைமர்.
பின்னொரு நாள் தேவைப்பட்டால்
வேறொருவர் அதைப் பிடித்து மேற்கொண்டு தைக்கலாம்.

"ஓ. வளருற பிள்ளையின்ர பாவாடையில
உள்ளுக்க மடிச்சு விடுற துணி."
பிறகு, "பழந்துணி நூலைத் தாங்குமோ?"

ரைமர் பேனாவைக் கீழே வைத்தார்.
"தாங்காது. நனைந்த காகிதம்.
இரண்டு பக்கமும் பட்டை கொடுத்துத்தான் தைப்போம்."

"நாங்களும் பட்டி வைச்சுத்தான்."

உடம்பை இருபத்துநான்கு டிகிரிக்குக் குளிரவைப்பார்கள்.
இதயம் நிற்கும். சற்றுநேரம்
மூளைக்கு மட்டும் கொஞ்சம் ரத்தம்.

தவமலர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி முழுக்க உறைபனி.
"இருபத்துநாலு எங்கட யூலை மாசமெல்லோ."
அதையும் பெயர்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"உங்கட ஆள் எண்டால் எதைச் செய்வியள்?"
கேள்வி டாக்டருக்கு. கண்கள் என்மேல்.
ஆங்கிலத்தில் தள்ளிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"கிழிசல் எங்கே என்று பார்த்தபிறகுதான்.
வளைவுக்குள் இருந்தால் பெரியது. இல்லையென்றால் சின்னது.
அவர் காலையில் உயிரோடு இருக்கவேண்டும்.
எனக்கு முதலில் அதுதான்."

"தையலைப் பிரிக்காமல் ஆர் சொல்லுறது,"
என்று தவமலர் கையெழுத்துப் போட்டார்,
தமிழில், முழுப்பெயரும்.

கட்டில் உருண்டு போனது.
கதவு இரண்டுமுறை ஆடி நின்றது.

அவர் என் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எங்கட ஆலையில தைச்சது.
கக்கத்தில ஒற்றைத் தையல்.
அந்த வருசம் எங்களுக்கு ஆள் காணாது."

பணித்தாளில் எழுதினேன். மொழி தமிழ்.
தொடக்கம் 2:55, முடிவு 4:20.
விளைவு என்று ஒரு கட்டம் அதில் கிடையாது.

கார் சூடேறும்வரை
உள்துணிக் கிழிசலுக்குள் கையை விட்டபடி
உட்கார்ந்திருந்தேன்.
அங்கே கதகதப்பாகத்தான் இருந்தது.