பிளஸ் பிளஸ்

இரவில் முந்நூற்றுத் தொண்ணூறு வெள்ளி,
பகலில் நூற்றுப் பதினெட்டு.
அதே அடுப்பு, அதே வாத்து,
அதே ஐம்பத்து மூன்றாம் மாடி.
இருட்டுக்குப் போய் இருநூற்று எழுபத்திரண்டு வெள்ளி
கூடக் கொடுப்பார்களா என்றேன்.
அரைநாள் விடுப்புக்குச் சம்பளத்தில் எவ்வளவு போகும்
என்று கேட்டாள் ஜெகதா.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை,
இன்னும் சேர்க்கவில்லை.

பத்துமலைப் பக்கம் ஒரு டயர்க் கிடங்கில்
இருப்பெடுக்கிறவன் நான்.
எண்ணாமல் எதையும் தாண்டிப் போகத் தெரியாது.
லிஃப்டில் காது இரண்டு முறை அடைத்தது.
ஆளுக்கு முள்கரண்டி இரண்டு, கத்தி மூன்று,
அதில் ஒன்று வெண்ணெய்க்கென்றே பிறந்தது.

பரிமாறிய பையன் கோத்தா பெலுட்காரன்,
பெயர் ஜெஃப்ரின்.
நுரைக்கும் தண்ணீரா, நுரைக்காத தண்ணீரா என்றான்.
இரண்டுக்கும் விலை உண்டென்பது
அவன் குரலிலேயே தெரிந்தது.
தொண்டையைச் செருமினேன்.
குனிந்து, என் காதுக்கு மட்டும்,
"ஆயர் கோசோங்?" என்றான்.
வெறுந்தண்ணிதான்.
ஆனால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து
ஊற்றினான் பாருங்கள்,
குழாயே கூச்சப்பட்டிருக்கும்.

ரொட்டி இலவசம்.
கடற்பாசி கலந்த வெண்ணெயும்.
மூன்றாம் கூடையை நான் கேட்டபோது
மேசைக்கடியில் என் காலை மிதித்தாள் ஜெகதா.
நான்காவதை அவளே கேட்டாள்.

வாத்து வந்தது. ஐந்தே துண்டு.
உள்ளே இளஞ்சிவப்பு.
வேகலை என்றன அவள் கண்கள்,
வாய் அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.
பீட்ரூட்டைத் தட்டில் இழுத்துவிட்டிருந்தார்கள்,
வெற்றிலை போட்டவர் விரல் துடைத்த சுவர்போல.
புளிப்பாய், பிறகு இனிப்பாய்,
பிறகு புகையாய் ஏதோ ஒன்று.
எத்தனை முறை மென்றேன் என்று
அங்கே மட்டும் எண்ணவில்லை.

அப்புறந்தான் சன்னல்.
ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு
விரலாலேயே நடந்து
செந்தூல் போய்ச் சேர்ந்தாள் ஜெகதா.
"அதோ நீலத் தொட்டி. அதுக்குக் கீழே மூணாவது வரிசை."
எனக்கு வீடு தெரியவில்லை.
கோம்பாக் பக்கமிருந்து மழை நடந்து வருவது தெரிந்தது.
சாம்பல் நிறத்தில்,
கட்டடம் கட்டடமாய் அழித்துக்கொண்டு.
என் கிடங்கு போனது.
ஈப்போ சாலை பாதி போனது.

"துணி!" என்றாள்.
வியாபாரம் பேசிக்கொண்டிருந்த கோட்டுகள் எல்லாம் திரும்பின.
அதற்குள் பக்கத்து வீட்டுச் சியூ பெங்கைக் கூப்பிட்டு
மலாயில், எங்கள் பிளாட் நடைபாதைக் குரலில்,
இன்னும் பத்து நிமிஷந்தான் என்று கத்தினாள்.
இங்கே வெயில் காயுதே, உனக்கெப்படித் தெரியும்
என்றிருக்கிறாள் அவள்.
"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் ஜெகதா,
வானிலை இலாகாவே தன் பெயரில் இருப்பதுபோல.

ஜெஃப்ரினும் எங்களோடு சன்னலில் நின்றான்.
கையிலிருந்த தட்டில் ஐஸ்கிரீம் சரிந்துகொண்டிருந்தது.
மழை தொட்டியைத் தொடுவதற்குள்
சிவப்பாய் ஒன்று அசைந்து உள்ளே போனதாம்.
அவ்வளவு தூரத்தில் தெரியாது.
அவனும் பார்த்ததாகச் சொன்னான்.

பில் வந்தது, தோலுறைக்குள்.
இருநூற்று முப்பத்தாறு.
ஒரு பிளஸ் சேவைக்கு, இன்னொரு பிளஸ் வரிக்கு.
இருநூற்று எழுபத்து மூன்று வெள்ளி எழுபத்தைந்து காசு.
இரண்டு முறை கூட்டினேன், சரி.
உருகியதற்குப் பதிலாய் வந்த ஐஸ்கிரீமுக்குப் போடவில்லை.
மழைக்குப் போடவில்லை.

வீட்டுக் கதவோரம் நாற்காலியில் துணி,
மடித்தே வைத்திருந்தாள் சியூ பெங்.
என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு என்றாள்.
சொன்னேன்.
அந்தக் காசுக்கு ஈப்போ சாலையில்
நாலு முழு வாத்து வருமே என்றாள்.
அதுவும் சரியான கணக்குதான்.

ஜெகதா கைப்பையைத் திறந்தாள்.
கைக்குட்டையில் சுற்றிய
நான்காம் கூடை.