பின்பனிப் பக்கம்

சாவியைத் திருப்பியதும்
டாஷ்போர்டுக்குள் வலது மூலையில்
டிக் டிக் டிக்.
பத்து எண்ணும்வரை. பிறகு மௌனம்.
மார்ச் மாதம், சஸ்காட்செவன்,
வெளியே மைனஸ் இருபத்தாறு.
என் பக்கம் இளவேனில்.
பக்கத்து இருக்கையில் பின்பனி.

"ஆளே உட்காராத பக்கம்தானே, ஓரிசியா,
குளிர்ந்தால் குளிரட்டும்" என்றிருந்தான் லோர்ன்.
கன்று ஈனும் மாதத்தில்
அங்கே யார் ஏறுவார் என்பது
வருடா வருடம் அவனுக்கு மறந்துபோகும்.

இன்று அது கிடந்தது
கால் வைக்கும் பள்ளத்தில், ரப்பர் விரிப்பில்:
விடியுமுன் பனியில் விழுந்து
தாய் நக்கி முடிப்பதற்குள்
காது நுனி விறைத்துப்போன கன்று.
வாய்க்குள் விரல் விட்டேன்.
நாக்கு, ஈரக்கல்.
வீட்டுக்குப் பதினோரு மைல்.

பானெட்டைத் தூக்கினேன்.
ரேடியேட்டர் நீர் கோட்டளவு இருந்தது.
ஹீட்டருக்குப் போகும் குழாய் இரண்டும்
கையுறையைத் தாண்டிச் சுட்டன.
ஆக, நெருப்பு இருக்கிறது.
வழிதான் அடைத்திருக்கிறது.

காற்றுப் பாதைக்குள்
உள்ளங்கை அகலத்தில் ஒரு கதவு.
அதை அசைக்க ஒரு மோட்டார்,
தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது.
சூடு கேட்டால் இப்படி,
குளிர் கேட்டால் அப்படித் திரும்ப வேண்டும்.
எதைக் கேட்டாலும் இது டிக் டிக் என்றது.

முன்பெட்டியைக் கழற்றினேன்.
கொட்டின: தடுப்பூசி ரசீதுகள்,
மாட்டுக் காதில் மாட்டும் மஞ்சள் வில்லைகள்,
லோர்ன் இரண்டு வருடமாய்த் தேடும் கண்ணாடி.
கன்றின் மேல் கவிழ்ந்து
தலையைத் தலைகீழாய்ச் செருகினால்
மூன்று திருகு.
இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன.
மூன்றாவதை அங்கே வைத்தவனுக்கு
மணிக்கட்டே இருந்திருக்காது.
விரல் நுனியால் தேடிப் பிடித்து
கால் சுற்று. கால் சுற்று.
ஸ்பேனர் இரண்டு முறை நழுவிக்
கன்றின் வயிற்றில் விழுந்தது.
அது கவலைப்படவில்லை.
அதுதான் என் கவலை.

கையில் வந்த மோட்டாரை உலுக்கினேன்.
உள்ளங்கையில் உதிர்ந்தன
வெள்ளைப் பிளாஸ்டிக் பல் இரண்டு.
பல் போனால் சொல் போச்சு, வாயுள்ளவற்றுக்கு.
இதற்கோ
பல் போன பிறகுதான் பேச்சே.

கதவின் தண்டு மட்டும் மிச்சம்.
இடுக்கியால் பிடித்துத் திருப்பினேன்.
முரண்டு பிடிக்கவில்லை. கதவில் குற்றமில்லை.
இன்னும் கொஞ்சம்.
முதலில் தூசி வாசம்,
அப்புறம் போன வருடத்து வைக்கோல்,
அப்புறம்
சூடு.

தண்டு நழுவாமலிருக்க
காது வில்லை ஒன்றை ஆப்பாக அடித்தேன்.
எண் நானூற்றுப் பதினேழு.
ஓட்டினேன். ஆறாவது மைலில்
குனிந்து மறுபடி விரல் விட்டேன்.
நாக்கு விரலைச் சுற்றி
ஒருமுறை, பலமில்லாமல்,
உறிஞ்சியது.

அந்தக் கன்றின் காதில் நானூற்றுப் பதினெட்டு.
பதிவேட்டைச் சரிபார்க்க வந்தவர்
நடுவில் ஓர் எண் எங்கே என்றார்.
"வண்டிக்குள்" என்றேன்.
எழுதிக்கொள்ளவில்லை.

ஜூனில் லோர்ன் அந்தப் பக்கம் ஏறினான்.
முழங்காலில் அடுப்பு.
சட்டை முதுகோடு ஒட்டி, முகம் பீட்ரூட்டாகி,
"இதை நிறுத்தேன்!"
"ஆளே உட்காராத பக்கம்தானே" என்றேன்,
நாலு மைலுக்கு.

பாகங்கள் கடை ட்ரூடி ஃப்ரீசன்
புது மோட்டாரோடு சொல்லி அனுப்பினாள்:
ஃப்யூஸைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறு.
திரும்பப் போட்டுச் சாவியைத் திருப்பு.
தன் இரண்டு முனையையும்
அது தடவிக் கற்றுக்கொள்ளும்வரை
எதையும் தொடாதே.

லோர்னின் கை பட்டனுக்குப் போனது.
தட்டிவிட்டேன்.
உள்ளே, எங்கோ,
சூட்டின் கடைசிவரை போனது.
திரும்பிக் குளிரின் கடைசிவரை போனது.
நடுவில் நின்றது.
எல்லாப் பல்லும் இருந்தது.
ஒரு சொல் இல்லை.