பற்றறி இறங்கும் சுருதி

டைக் வீதியில் கிளரன்ஸ் பார்த்தலோட்டின் கடைக்குப்
பெயர்ப்பலகை இல்லை.
அறுபது நிமிட ரேப்புக்கு ஒரு விலை,
தொண்ணூறுக்கு இன்னொன்று.
"ஏ பக்கம் கன்ட்றி, பீ பக்கம் பொப்,
கலந்து கேட்டா வயித்தைக் கலக்காது" என்பான்.
இசைத்தட்டின் கீறலையும் சேர்த்தே பதிந்து தருவான்.
கீறலுக்குக் காசில்லை.

நானும் ஃபர்ஸானாவும் பாதிப்பாதி போட்டு வாங்கிய முதல் அல்பம்:
அட்டையில் வெள்ளைத் தொப்பிக்காரன்,
அவனுக்குப் பின்னால் ஒரு வேலி,
வேலிக்குப் பின்னால் ஒன்றுமேயில்லை.
இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு
இவன் ஏன் அழுகிறான் என்றாள் ஃபர்ஸானா.

கிளரன்ஸ் கையால் எழுதித் தந்த பாட்டு வரிகளை
கோட்டை வாசலில் வைத்து மான் தின்றது.
திருகோணமலை மான்
புல்லைவிடக் கடதாசியை நம்பும்.
பறித்தெடுத்தது நாலு பாட்டு,
மிச்சம் அதன் வயிற்றில்.
ஐந்தாம் பாட்டிலிருந்து
காதுக்கு எட்டியதைத்தான் பாடினோம்.

அந்த ஐந்தாம் பாட்டில்
அவன் எதற்கோ காத்திருக்கிறான்.
ட்றெயினுக்கு என்று நான் முடிவு செய்தேன்.
எங்கள் ஸ்டேசனில் அப்போது
தண்டவாளத்துக்கு நடுவே எருக்கலை பூத்திருந்தது.
அவனுடைய கஷ்டம் எனக்கு விளங்கியது.

கரண்ட் இல்லாத இரவுக்கு நாலு பற்றறி.
நாலு பற்றறி கொண்டுவருவதென்றால்
சோதனைச் சாவடியில் நாற்பது கேள்வி.
ஆகவே பழையதையே பல்லால் கடித்து,
மதிலில் நெத்தலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில்
வெயில் காட்டி,
பின்னேரம் எடுத்துப் போட்டால்
மூன்று பாட்டுக்கு உயிர் இருக்கும்.
முதலாவது ஒழுங்காகப் போகும்.
இரண்டாவதில் தொப்பிக்காரன் களைப்பான்.
மூன்றாவதில் கிற்றார்
கித்துள் பாணியாய் ஒழுக,
குரல் படிபடியாய்க் கிணற்றுக்குள் இறங்கும்.
பீ பக்கத்துப் பாடகியோ
ஆம்பிளையே ஆகிவிடுவாள்.
நாங்களும் கூடவே இறங்கினோம்.
அந்தச் சுருதியில்தான் எல்லாம் மனப்பாடம்.

கிளரன்ஸ் மெல்பேர்ண் போனான்.
கடையில் இப்போது
திமிங்கிலம் பார்க்கும் படகுக்குச் சீட்டு விற்கிறார்கள்.
கிண்ணியாவில் அதிபராக இருக்கும் ஃபர்ஸானா
போன கிழமை போனுக்கு அனுப்பினாள்:
அவனேதான், அதே வேலி,
முழு அல்பமும், வரிகளோடு.

கொட்பே ஐஸ் ஆலையில் கணக்கு முடித்து
டச்பே மணலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்.
கீறல் இல்லை.
தொப்பிக்காரனுக்கு என்ன அவசரம்?
கடைசி பஸ்ஸைத் துரத்துகிறவன்போல் பாடுகிறான்.
வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன்,
வேகம்தான் குறைந்தது, குரல் இறங்கவில்லை.
கடன் இல்லையென்று சொல்லும் வங்கி மனேஜர்போல்
நிதானமாக, தெளிவாக,
அதே உயரத்தில் நின்றான்.

ஐந்தாம் பாட்டு.
ட்றெயின் இல்லை.
ரெயின்.
மழைக்குக் காத்திருந்திருக்கிறான் விசரன்!
இருபத்தெட்டு வருடமாய் அவனைப்
பிளாட்பாரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சிரித்துச் சிரித்துக் குரல்பதிவு அனுப்பினேன்.
பதில் வந்தது:
"ட்றெயினா? நான் பெயின் என்டுதானே படிச்சன்.
ஒனக்குக் கேக்கல்லியா?"

கேட்கவில்லை ஃபர்ஸானா.
ஒரே கட்டிலில், ஒரே மெழுகுதிரியில்,
தோளோடு தோள் முட்டிப் பாடியும்
கேட்கவில்லை.

திரும்பவும் போட்டேன்.
இரண்டு சதவீதம் என்றது போன்.
பிறகு
ஒரு சொல்லின் நடுவில் கறுப்பு.
இதுகளுக்குக் களைக்கத் தெரியாது,
சொல்லிக்கொண்டு போகவும் தெரியாது.

மிச்சத்தை நானே பாடினேன்,
கிணற்றின் அடியிலிருந்து,
ட்றெயின் என்றே.
கரைவலைக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தனர்.
பக்கத்தில் வந்து நின்ற மான் ஒன்று
என் கையிலிருந்த ஐஸ் பில்லை மணந்தது.
கொடுத்துவிட்டேன்.
பிரதி ஆபீசில் இருக்கிறது.