நீர் ஏறும் நேரம்

மார்ச்சில் ஒரு கடிதம்:
சலவைச்சாலை எல்லை தாண்டி அல்சாஸுக்குப் போகிறது.
இயந்திரங்கள் போகும்.
நான் போகத் தேவையில்லை.
மே மாதம் மற்றது:
நாங்கள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள்,
செப்டம்பர் முப்பதுக்குள் சாவியைத் தரவும்.
இரண்டையும்
'நட்பார்ந்த வணக்கங்களுடன்' என்றே முடித்திருந்தார்கள்.

பதினொரு வருடம்
பாசல் ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை மடித்தவள் நான்.
யார் பிழைத்தார், யார் போனார் என்று
ஒரு விரிப்பும் எனக்குச் சொன்னதில்லை.
இப்போது மாதம் பத்து விண்ணப்பம் எழுதி
வேலையில்லாதோர் அலுவலகத்தில் காட்டுகிறேன்.
வீட்டுக்குத் தனியாகப் பத்தொன்பது.
'வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்' என்பதை
டொச்சில் பிழையில்லாமல் எழுத வரும் எனக்கு.

ஞாயிறு பூசை முடிந்து மெற்றில்டா அக்கா
என் கையைப் பிடித்து
"ஆண்டவரிட்ட ஒரு திட்டம் இருக்குப் பிள்ளை" என்றா.
இருக்கட்டும்.
இடிக்கிற கம்பனியிடமும் ஒரு திட்டம் இருக்கிறது.
வர்ணப் படத்தோடு வாசலில் ஒட்டியிருக்கிறார்கள்,
பல்கனிகள், மரங்கள், சைக்கிளில் ஒரு சிறுமி.
உம்முடையதை எங்கே ஒட்டியிருக்கிறீர்?

அந்தக் கோபத்தோடுதான் ட்ராமை விட்டிறங்கி
ரைன் கரையால் நடந்து
பிர்ஸ்ஃபெல்டன் நீர்ப்பூட்டின் மேல் போய் நின்றேன்.
கீழே, ஆழத்தில், ஒரு சரக்குக் கப்பல்.
வந்த கதவு மூடியாயிற்று.
போகும் கதவு திறக்கவில்லை.
இரு பக்கமும் பாசி வழியும் சுவர்.
தளத்தில் ஒரு பழைய கார்,
கொடியில் நாலு விரிப்பு
(கிளிப்பை ஓரத்தில் குத்தக்கூடாது, தையலில் குத்த வேண்டும்).
மாலுமி ஒரு பெண். என் வயதிருக்கும்.
சுவர்க் குழிக்குள் இருந்த இரும்புக் கட்டையில்
கயிற்றை ஒரு சுற்று சுற்றி
முனையைக் கையில் வைத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.
மோட்டார் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை.
பாசியின் ஒரு கோடு காணாமல் போனது,
பிறகு இன்னொரு கோடு.
கண்ணுக்குத் தெரியாத கீழ்வழியால்
நீர் வந்துகொண்டிருந்தது.

நீர் வந்துகொண்டிருந்தீர் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.
அவ்வளவு லேசில் உம்மோடு சமாதானமாக
அன்று எனக்கு மனமில்லை.

கட்டை மூழ்கப் பார்த்தது.
அவள் கயிற்றைக் கழற்றி
மேலே அடுத்த கட்டையில் போட்டாள்.
மறுபடியும் ஒரு சுற்று.
முடிச்சுப் போட்டிருந்தால்
ஏறுகிற கப்பலை அந்தக் கயிறே கீழே இழுக்கும்,
அல்லது அறுந்து அவள் முகத்தில் அடிக்கும்.
இறுக்கிக் கட்டுவதைத்தான்
இத்தனை மாதமும் நான்
விசுவாசம் என்று நினைத்திருந்தேனோ?

கார் மேலே வந்தது. விரிப்புகள் வந்தன.
அவள் முகம் என் முகத்துக்கு நேரே வந்ததும்
"ஹலோ" என்றாள்,
ஏதோ நானும் அதே கப்பலில் வந்தவள்போல.
கதவு திறந்தது.
மேல் ஆறு அங்கேயே இருந்தது,
அந்த ஈரச் சுவருக்குப் பின்னால்,
முழு நேரமும்.

வீட்டுக்கு வந்தால் தபால்பெட்டியில் இருபதாவது.
'வேறொருவருக்கு.'
செப்டம்பர் முப்பதுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்.
அருள்நேசன் நிலத்தில் இருந்து
தட்டுகளைப் பழைய பத்திரிகையில் சுற்றுகிறான்.
எந்த வீட்டு அலுமாரிக்கு என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
பெட்டி நிறைந்ததும்
ஒரு பக்கத்தை அவன் தூக்க,
மறுபக்கத்தின் அடியில் நான் கை கொடுத்தேன்.