நிரம்பிய

நாரஹேன்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
மின்விசிறிக்கு நேர் கீழே
பறக்கிற தாள்களை ஸ்டேப்ளரால் அமர்த்தி
இருபத்திரண்டு வருடமாய் மொழிபெயர்க்கிறேன்:
டெங்கு, தாய்ப்பால், நாய்க்கடி.

கொழுப்புத் துண்டுப்பிரசுரமும் என் கைதான்.
நிரம்பிய கொழுப்பு என்று எழுதினேன்.
இரசாயனப் புத்தகச் சொல், பிழையில்லை.
அச்சாகி வந்த அன்று வாசித்தால்
கலியாண வாசலின் நிறைகுடம் போலிருந்தது.
அதன் வாயில் குந்தியிருந்த தேங்காயைத்தான்
தவிர்க்கவும் என்று எழுதியிருந்தேன்.

தவிர்க்கவும்.
ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய பிரம்பு.

எங்கள் டிரைவர் மரியநேசன்
கொட்டாஞ்சேனை வீட்டு பிரிட்ஜ் கதவில்
அந்தத் தாளை ஒட்டினார்.
பிறகு மத்தியானப் பார்சலில் சம்பல் இல்லை;
சொதியில் மஞ்சளும் தண்ணீரும்.
நாலு மணிக்குப் பசி வரும்.
கிறீம் கிறாக்கரில் மாஜரீன் பூசி
எட்டு, சில நாள் பத்து,
தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி.
சீனியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.
தேடிப் பார்த்தேன். பிந்தித்தான் பார்த்தேன்.

இப்போது புதிய பிரதி மேசைக்கு வந்திருக்கிறது.
வசனங்கள் நீண்டுவிட்டன.
எனினும். சில ஆய்வுகளின்படி.
எதை விட்டுவிட்டு எதை உண்கிறோம்
என்பதைப் பொறுத்து.
தேங்காய்க்கு விடுதலையுமில்லை, தண்டனையுமில்லை,
இன்னொரு தவணை.

மரியநேசனுக்குப் போன் எடுத்தேன்.
பென்ஷனில் மூன்று வருடம், இடது காலில் ஒரு விரல் இல்லை.
சொல்லி முடிக்க, அந்தப் பக்கம்
பஸ் ஹோர்ன் மட்டும் கேட்டது.
"அப்ப மிஸ், நான் தின்னாம விட்ட சம்பலையெல்லாம்
இனி யார் தருவாங்க, கவர்மெண்டா?"
அவரே சிரித்தார். நிறுத்திக் கேட்டார்:
"தேங்கா இப்ப என்ன விலைன்னு தெரியுமா?"

தெரியும். வெள்ளவத்தைச் சந்தையில்
பாதி மூடி கேட்டு நிற்கிறார்கள்.

நாலு மணிக்குள் வேண்டுமாம் இது.
கடைசி வரி இன்னும் இடறுகிறது.
கூடும் என்று போட்டால்
கொழுப்புக் கூடும் என்று வாசிப்பார்கள்.
கூடலாம் என்றாலும் அதே கதை.
தெரியாது என்று எழுத விடமாட்டார்கள்.

எழுதி, வெட்டி, அதையே திரும்ப எழுதுகிறேன்.
கீழே கன்டீனில் யாரோ
தேங்காயெண்ணெயில் வடை போடுகிறார்கள்.
மேல்மாடி வரைக்கும் மணக்கிறது.