கூட்டக் குறிப்பில் இல்லாதது

வெர்ன் நியேமிக்கு எதிரே உட்கார்ந்து
பத்தொன்பது வருடம் எழுதினேன்.
நகராட்சியின் சம்பளம், நகராட்சியின் பேனா.
அவர் இருமினால்கூட
‘தொழிற்சங்கத் தரப்பு: சிறு இடைவெளி’ என்று
குறித்துவிடும் கை.

டுலூத்தில் தரை ஆறடிக்கு உறையும்.
அதற்குக் கீழே குடிநீர்க் குழாய் வெடிக்கும்,
எப்போதும் இரவில், எப்போதும்
மைனஸ் முப்பதில்.
அந்தக் குழிகளில் இறங்கி இறங்கி
அவருடைய இடது கையில் இரண்டு விரல்
வெளுத்தே நின்றுவிட்டன.
பேச்சுவார்த்தை மேசையில்
அந்தக் கையைத்தான் முதலில் வைப்பார்.
வேண்டுமென்றே செய்கிறார் என்பார் எங்கள் வக்கீல்.
இருக்கலாம்.

கத்தியதில்லை.
நாங்கள் நீட்டும் தாளை வாங்கி
மடித்து, மறுபடி மடித்து, தீப்பெட்டி அளவாக்கிச்
சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.
“சரி, இது உங்கள் கணக்கு.
இனி மனுஷக் கணக்கைப் பார்ப்போம்.”
அப்புறம் பெயர்களாக வரும்.
குப்பை லாரி டெல்பர்ட்டின் முழங்கால்.
நூலகத்தை இரவில் கூட்டும் மேவிஸ்,
அவளுடைய மூன்றாவது பிள்ளையின் மூச்சிரைப்பு.
என் சுருக்கெழுத்து வேகமானதுதான்.
டெல்பர்ட்டின் முழங்காலுக்கு அதில் குறி கிடையாது.

வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள்,
பிப்ரவரி, இரவு ஒரு மணி.
எல்லாம் முடிந்து ஒரே ஒரு ஷரத்து பாக்கி:
இருப்பவர்களின் ஓய்வூதியத்தில் கைவைக்க மாட்டோம்,
இனி வருபவர்களுக்கு அது இல்லை.

ஜன்னலுக்கு வெளியே செங்குத்துத் தெரு.
பனி வாரும் வண்டி ஒன்றும் ஓடவில்லை.
ஓர் ஆம்புலன்ஸ் ஏறமுடியாமல்
நின்ற இடத்திலேயே சக்கரம் சுழற்றியது.
அதன் சிவப்பு வெளிச்சம்
எங்கள் கூரையில் வந்து வந்து போனது.
வெர்ன் அதைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.

என் கோப்பில் ஒரு மஞ்சள் தாள்,
மேயர் அலுவலகத்துக் கையெழுத்து:
‘இரண்டு மணிவரை தாக்குப்பிடியுங்கள்.
அதற்கும் மசியாவிட்டால்
ஓய்வூதிய ஷரத்தை நாமே கைவிடுவோம்.’

ஒன்று இருபதுக்கு அவர் பேனா கேட்டார்.
என்னுடையதைத்தான் கொடுத்தேன்.

நாற்பது நிமிடம்.

கையெழுத்திட்டு நிமிர்ந்தபோது தெரு காலி.
வாசலில் மறியல் நின்ற பையன்கள்,
வேலை இன்னும் நிரந்தரமாகாதவர்கள்,
தோள் கொடுத்து
ஆம்புலன்ஸைத் தள்ளி ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு வசந்தத்துக்கும்
சங்க அரங்கில் பழைய தலைகள் குறைந்தன.
ஒரே வண்டி, ஒரே ஷிப்ட், ஒரே குளிர்,
முதுமை மட்டும் இரண்டு வகை.
டானிகா பெலாஞ்சர், பனி வாரும் வண்டி ஓட்டுபவள்,
எழுந்து நின்று கேட்டாளாம்:
“நாங்கள் வேலைக்கு வரும் முன்பே
எங்களை விற்றுவிட்டீர்கள், இல்லையா?”
அவர் மைக்கைக்கூடத் தொடவில்லையாம்.
“ஆமாம்.”
பதினான்கு ஓட்டில் தோற்றார்.
அலுவலகச் சாவியைத் தந்ததோடு
அந்த ஹீட்டரை எங்கே தட்டினால் எரியும் என்றும்
அவளுக்குக் காட்டிவிட்டுப் போனாராம்.

எனக்கும் அந்த ஒப்பந்தத்தின்
பழைய பக்கத்து ஓய்வூதியம்தான்.
மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது.

போன நவம்பரில் துறைமுகத்துக் காபிக் கடையில்
தானாக வந்து எதிரே உட்கார்ந்தார்,
பழைய மாதிரியே, கையை முதலில் வைத்து.
பேச்சு எங்கெங்கோ போனது: ஏரியின் மட்டம்,
அவர் வீட்டுக் கொதிகலன்.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி:
“அந்த ராத்திரி இன்னும் கொஞ்ச நேரம்
உட்கார்ந்திருந்தால்?”

மஞ்சள் தாள் என் வீட்டில் இருக்கிறது,
வரி ரசீதுகளுக்கு அடியில்.
“அவர்கள் அசைந்திருக்க மாட்டார்கள், வெர்ன்.”

தலையாட்டினார்.
காபி பில்லை எடுத்து
மடித்தார், மறுபடி மடித்தார்,
தீப்பெட்டி அளவாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
வெள்ளை விரல்களால், நிதானமாக,
கோட்டுப் பொத்தான்களைப் போடத் தொடங்கினார்.